இரண்டாவது தாள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ரெண்டு தாள் அக்கா. கேலிக்காகத்தான் வைத்தார்கள். ஆனால் அவள் செய்கிற வேலையை அதைவிடச் சுருக்கமாக எந்த நியமன உத்தரவும் சொன்னதில்லை.

உலகத்தில் எங்கே சண்டை மூண்டாலும் பதினைந்து நாடுகள் கூடி உட்கார்ந்து பேசுகிற சபை அது. பேச்சு மூன்றாம் மாடியில். தட்டச்சு தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில். மேலே ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது என்றால், கீழே அவள் இரண்டு தாள் அடித்து, ஓர் உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். முதல் தாளில் ‘தீர்மானம் ஏற்கப்பட்டது’ என்று தொடங்கும் அறிவிப்பு. இரண்டாவது தாளில் ‘தீர்மானம் ஏற்கப்படவில்லை’. கைகளை எண்ணி முடித்ததும், எது நடந்ததோ அந்தத் தாளைத் தலைவர் வாசிப்பார். மற்றது குப்பைக்கூடைக்கு. தலைவர் நாற்காலி மாதம் ஒருவருக்கு என்று சுற்றி வருவதால், வருகிறவர் சொந்தமாக ஒரு வார்த்தைகூட யோசிக்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. யோசிக்காமல் உலகத்தை நடத்துவதற்கு எவ்வளவு முன்யோசனை!

இருபத்தொரு வருஷ அனுபவத்தில் அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தாள். இரண்டாவது தாளை முதலில் அடித்துவிடுவது நல்லது. பெரும்பாலும் அதுதான் தேவைப்படும்.

காரணம் வீட்டோ. பதினைந்து பேரில் ஐந்து பேர் பெரிய வீட்டுக்காரர்கள். எப்போதோ ஒரு பெரிய சண்டையில் ஜெயித்தவர்கள். இனிமேல் சண்டையே வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவர் ‘வேண்டாம்’ என்று கை தூக்கிவிட்டால், மற்ற பதினாலு கையும் முதுகு சொறியத்தான் ஆகும். பதினாலு பெரிதா, ஒன்று பெரிதா என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். சபையில் மட்டும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. அவளுடைய அறையிலேயே அதுதானே நடந்தது. ஏழு பேர் வேலை பார்க்கிற அறை. ஆறு பேருக்கு வியர்க்கும். மேற்பார்வையாளருக்கு மட்டும் சைனஸ். ஏசி போடக் கூடாது.

“ஆறு பேர் கேக்குறோம் சார்.”

“அறுபது பேர் கேட்டாலும் மூக்கு என்னோடதும்மா.”

அவருக்குக் கால்புள்ளி என்று பெயர். யார் எதை அடித்துக் கொடுத்தாலும் ஒரு கால்புள்ளியாவது சேர்க்காமல், அல்லது ஒன்றையாவது எடுக்காமல், கையெழுத்துப் போட மாட்டார். அவள் தாளில் மட்டும் அவருக்கு வேலை இருந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. ‘இருபத்தொரு வருஷத்துல ஒரு எழுத்துப் பிழை காட்டுங்க பார்ப்போம்’ என்பது அவளுடைய ஒரே பெருமை. கல்யாணம் பத்து மாதத்தில் முறிந்து திரும்பி வந்தவளுக்கு, பிழையே இல்லாத ஓர் இடம் தேவையாக இருந்தது போலும்.

அவளுக்கு ரத்த சொந்தம் என்று இருந்தது ஒரு தங்கை. ஆறு வயது இளையவள். வேறு நாட்டில், ஓர் ஆற்றங்கரை ஊரில், பாலத்துக்குப் பக்கத்தில் புருஷனோடு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். பக்கத்து நாட்டுப் பட்டாளம் ஊர் எல்லைக்கு வந்து நின்றபோது கடை மேலே இருந்தது, அவர்கள் இருவரும் கடைக்குக் கீழே பாதாள அறையில். பெரிய வீட்டுக்காரர்களில் ஒருவர் அந்தப் பட்டாளத்துக்கு வேண்டப்பட்டவர். எவ்வளவு வேண்டப்பட்டவர் என்பது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வாக்கெடுப்பு.

தங்கை தினமும் போன் செய்வாள், டவர் கிடைத்தால்.

“அக்கா, உங்க ஆளுங்க இன்னைக்கு எவ்வளவு தூரம் வந்திருக்காங்க?”

“ஆழ்ந்த கவலை வரைக்கும் வந்துட்டாங்கடி.”

“போன வாரமும் அதானே?”

“போன வாரம் வெறும் கவலை. நான்தானே அடிச்சேன்.”

“சரி சரி, இன்னும் ஆழமாத் தோண்டச் சொல்லு. நாங்க பாதாளத்துலதான் உக்காந்திருக்கோம். ஒருநாள் எங்க மேலயே வந்து முட்டிடுவாங்க.”

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் வரும். “போன்ல சிரிக்காத, சார்ஜ் போயிடும்.”

“கேட்டியா அக்கா? கருமி. சிரிப்புக்குத் தனியா சார்ஜ் போகுமாம்.” பிறகு தங்கை குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அதென்ன ரேடியோல எப்பப் பாத்தாலும் வீட்டோ, வீட்டோங்கிறாங்க?”

அவள் விளக்கினாள். ஐந்து பேர், ஒரு கை, பதினாலு கை. தங்கை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“ஓ, அதுவா. இங்கயும் அதே கதைதான். குண்டு விழுந்தா வீட்டோட போகும். ஆளு, பீரோ, பூனை எல்லாம் சேத்து வீட்டோட.”

“வாயக் கழுவுடி.”

“தண்ணி இல்லக்கா.”

தீர்மானம் சின்னதுதான். நாற்பத்தெட்டு மணி நேரம் இரண்டு பக்கமும் சுடக் கூடாது; அதற்குள் ஊர்மக்கள் பாலத்தைக் கடந்து வெளியேறலாம். இதை எழுத ஒரு தாளில் பாதி போதும். ஆனால் ‘சுடுவதை நிறுத்த வேண்டும்’ என்பதா, ‘நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறது’ என்பதா என்று பதினோரு நாள் பேசினார்கள். ஒன்பதாம் நாள் ‘நிறுத்துவது நல்லது எனக் கருதுகிறது’ என்று ஒரு புது வரைவு வந்தது. அதையும் அவள்தான் அடித்தாள். அடிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்து, கால்புள்ளி பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் தங்கையிடமிருந்து கடைசியாக ஒரு போன்.

“டவர விழுத்தப்போறாங்களாம்க்கா. நாளைக்குப் பேச முடியாது. ஆனா ரேடியோ இருக்கு. உங்க சபையில நடக்குறத நேரா ஒலிபரப்புறாங்க. எவனோ கரகரக் குரல்ல படிக்கிறான், ஆனா நீ அடிச்சதுதானே? எனக்கு உன் குரலாத்தான் கேக்குது.”

“என்ன முடிவு வந்தாலும் அவசரப்படாதீங்க.”

“அவசரப்படாமயா? ஏற்கப்பட்டதுன்னு காதுல விழுந்த நிமிஷம் மேல ஏறிப் பாலத்துக்குப் போயிட வேண்டியதுதான். தெருவுல எல்லாரும் அப்படித்தான் பேசி வெச்சிருக்கோம்.”

“ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டுட்டுப் போடி.”

“எதுக்கு? நீ என்ன தப்பா அடிக்கிற ஆளா?”

மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்கு வாக்கெடுப்பு. தங்கையின் ஊரில் அப்போது காலை பத்து. தாழ்வாரத்தில் பேச்சு நல்லதாகவே இருந்தது. அந்தப் பெரிய வீட்டுக்காரர் எதிர்க்க மாட்டார், சும்மா உட்கார்ந்திருப்பார் என்றார்கள். காபி மெஷின் பக்கத்தில் நிற்கிறவர்கள் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அன்று அவள் வழக்கத்தை மாற்றி முதல் தாளை முதலில் அடித்தாள். அழகாக வந்தது. பிறகு இரண்டாவதைத் தொடங்கினாள். இரண்டு சொல்லுக்கும் உடம்பு ஒன்றுதான், வால்தான் வேறு. ‘ஏற்கப்பட’ வரைக்கும் விரல் போனது. அதற்குமேல் போகவில்லை. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள். மறுபடி அங்கேயே நின்றது. படிப்பறிவில்லாதவர்கள்தான் இதற்கெல்லாம் பயப்படுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வாயால் சொல்வதற்கே கூசுகிற ஒன்றைக் கையால் எப்படி அடிப்பது என்று இன்னொரு பக்கம் மனசு கேட்டது.

“தாள் எங்கம்மா? மேல கேக்குறாங்க!” என்றார் கால்புள்ளி.

சபையின் முத்திரை அச்சிட்ட வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து, அடித்த தாளுக்குக் கீழே வைத்து, உறையை மூடிக் கொடுத்துவிட்டாள். தேவைப்பட்டால் அடித்துக்கொண்டு லிஃப்டில் ஓடிவிடலாம், இரண்டு நிமிஷ வேலை என்பது அவள் கணக்கு. யாரையும் ஏமாற்ற அவள் நினைக்கவில்லை. ஒரு சொல்லைத் தொடாமல் இருக்க நினைத்தாள், அவ்வளவுதான். இருபத்தொரு வருஷமாகக் கால்புள்ளியும் உறையைப் பிரித்துப் பார்த்ததில்லை. அவள் தாளில் பார்க்க என்ன இருக்கிறது?

கீழறையில் ஓர் ஒலிபெருக்கி உண்டு. மேலே நடப்பது அதில் கேட்கும். ஏழு பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“ஆதரிப்பவர்கள்?” பதினாலு.

“எதிர்ப்பவர்கள்?”

ஒலிபெருக்கியில் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம்.

“ஒன்று.”

சும்மா உட்கார்ந்திருப்பார் என்று சொல்லப்பட்டவருடைய கை. அவள் அதற்குள் விசைப்பலகையைப் பிடித்துவிட்டாள். இப்போது விரல் எங்கேயும் நிற்கவில்லை. நாற்பது விநாடியில் முழுத் தாளும் வந்துவிட்டது. அச்சு இயந்திரத்திலிருந்து அவள் தாளை உருவும்போது, ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் தெளிவாகக் கேட்டது.

“தீர்மானம் ஏற்கப்பட்டது.”

அந்த மாதத்துத் தலைவர் ஒரு சின்ன நாட்டுக்காரர். நாற்காலிக்கு வந்து அன்று இரண்டாம் நாள். உறையைத் திறந்தார். கீழே இருந்த தாளைப் புரட்டினார், வெற்றுத் தாள். மேலே இருந்ததில் எழுத்து இருந்தது, வாசித்தார். பதினாலுக்கு ஒன்று என்று எண்ணிவிட்டு ‘ஏற்கப்பட்டது’ என்று வாசிக்கும்போது, அவருக்கு எந்த இடமும் உறுத்தவில்லை. சின்ன நாட்டுக்காரர் அல்லவா, அவர் ஊரில் கணக்கு இன்னும் பழைய மாதிரியே இருந்திருக்கும்.

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். இரண்டு தூதர்கள் எழுந்து கை குலுக்கிக்கொண்டார்கள். எதிர்த்து வாக்களித்தவர் பதறவில்லை. தன் பலம் எங்கேயும் போய்விடாது என்று தெரிந்தவருக்குப் பதற்றம் எதற்கு? நடந்தது விதிப்படி இல்லை என்று ‘ஒழுங்குப் பிரச்சினை’ எழுப்ப, முறைப்படி தன் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைத்தார். அதற்கு முன்னால் தலைவர் நன்றியுரை வாசிக்க வேண்டியிருந்தது. அது முதல் தாளின் பின்பக்கத்தில் இருந்தது, அவள் அடித்ததுதான். நன்றியுரை முடிந்து, பலகை கண்ணில் பட்டு, அனுமதி கொடுத்து, செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டி, மூச்சிரைக்க லிஃப்டிலிருந்து வந்தவளிடம் இரண்டாவது தாளை வாங்கி, தலைவர் வாசித்து முடிக்க ஒன்பது நிமிஷம் ஆனது.

ஆக, அந்த ஊருக்கு ஒன்பது நிமிஷம் சமாதானம் இருந்தது. சுடுகிறவர்களுக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை.

மாலையிலேயே சபை நடவடிக்கைப் பதிவுக்குத் திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டும். அதை அடிப்பதும் அவள்தான், அந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது. ‘பக்கம் மூன்று, வரி பன்னிரண்டு: ஏற்கப்பட்டது என்பதை ஏற்கப்படவில்லை எனத் திருத்தி வாசிக்கவும்.’

கால்புள்ளி பக்கத்தில் வந்து நின்றார். “விசாரணை எல்லாம் ஒண்ணும் வராதும்மா. எழுத்துப் பிழைன்னு போட்டுட்டேன். அதுக்குக் கட்டம் இருக்கு, டிக் அடிச்சாப் போதும்.”

“எது சார் பிழை?”

“என்னம்மா?”

“பதினாலு பேர் வேணும்னாங்க. நான் அதைத்தான் அடிச்சிருந்தேன். இதுல எது பிழைன்னு கேக்குறேன்.”

அவர் குறிப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். நிறையப் பார்த்தார். சேர்க்கவும் எடுக்கவும் ஒரு கால்புள்ளிகூட அகப்படவில்லை. கையெழுத்துப் போட்டார். பிறகு சுவரோரம் போய், யாரும் கேட்காமலேயே ஏசியைப் போட்டுவிட்டு, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு பேரில் ஒருவரும் நன்றி சொல்லவில்லை. அன்றைக்கு அந்த அறையில் வியர்த்தவர்களும் இல்லை.

அதன்பிறகு இருபத்தைந்து நாள் எந்தத் தகவலும் இல்லை. அவள் தினமும் வேலைக்குப் போனாள். உறைக்குள் மேலேயும் கீழேயும் எழுத்துள்ள தாளாக வைத்தாள். இரண்டாவது தாளை முதலில் அடித்தாள். விரல் நிற்கவில்லை. ‘தங்கச்சி போன் பேசுச்சா அக்கா?’ என்று கேட்டவர்களிடம் ‘டவர் இல்லல்ல’ என்றாள். அது உண்மையும்தான்.

இருபத்தாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் மாப்பிள்ளை நின்றார். தனியாக. தோளில் ஒரு பை. தாடி வளர்ந்திருந்தது. வேறு யாருடையதோ சட்டை. அவர் தனியாக நின்ற நிற்பிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் பின்னால் படிக்கட்டு வரைக்கும் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். தம்ளரைக் காலி செய்து கீழே வைத்துவிட்டு அவர் பேசினார்.

“தண்ணி பிடிக்கப் போனாக்கா. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குழாயில காலையில வரும். எப்பவும் நான்தான் போவேன். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்.”

“என்னைக்கு?”

“டவர் விழுந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை. காலையில.”

வாக்கெடுப்பு நடந்ததும் அதே செவ்வாய்க்கிழமைதான். அவராகவே சொன்னார்.

“ரேடியோ முந்தின ராத்திரியே நின்னுபோச்சுக்கா. பேட்டரி தீந்துபோச்சு. உங்க சபையில என்ன நடந்துச்சுன்னே எங்களுக்குத் தெரியாது. பின்னாடிதான் தெரியும். அவ ஒண்ணும் கேக்கல. தண்ணிக்குத்தான் போனா.”

கேட்காத கேள்விக்குப் பதில். கால்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில். வழியில் எத்தனை முகாம், எத்தனை வரிசை; அத்தனையிலும் நின்றுகொண்டே அவர் அதை மனசுக்குள் அடித்து அடித்துப் பார்த்திருக்க வேண்டும். இப்படித் தயாராக வருகிற தாளை அவளுக்கு அடையாளம் தெரியாதா? இன்னொரு தாளும் அவரிடம் இருந்திருக்கும். அதை வழியிலேயே எங்கோ கிழித்துப் போட்டுவிட்டு வந்திருப்பார். அல்லது ஒரே ஒரு தாள்தான் இருந்ததோ என்னவோ. உண்மைக்கும் புள்ளிகள் அதனதன் இடத்தில்தான் இருக்கும்.

பையில் இரண்டு துணி, தங்கையின் ஒரு சால்வை, அதற்குள் சுற்றிய ரேடியோ. கைக்கடக்கமானது, மூலையில் கொஞ்சம் விரிசல்.

“எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க இதை?”

“அவ விட்டுட்டு வர விடமாட்டாக்கா. உங்க குரல் வரும்னு சொல்லுவா.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அவருக்குப் போக வேறு இடமில்லை. முன்னறையில் படுக்கை போட்டுக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து அவரே ஒருநாள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார். “கடைசியில வீட்டோட மாப்பிள்ளையா வந்துட்டேன் பாருங்க.” இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தார்கள். ‘வீட்டோட’ என்ற வார்த்தை இரண்டு பேருக்கும் ஒரே குரலில் கேட்டிருக்க வேண்டும். குழாயை நிறுத்தாமல் அவர் வெகுநேரம் ஒரே தட்டைக் கழுவினார். தண்ணீரை வீணாக்காதீங்க என்று சொல்ல வாயெடுத்தவள், ஈரத்துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள்.

ரேடியோ அலமாரியில் இருந்தது. ஆபீஸ் விட்டு வந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். பேட்டரி இருந்ததா, இல்லையா? தங்கை எதைக் கேட்டு மேலே ஏறினாள், தாகத்தையா, அந்த ஒரு சொல்லையா? ஒன்பது நிமிஷத்தில் எந்த நிமிஷம்? இந்தக் கேள்விகளை அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் சாப்பிடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, விரல்கள் தாமாக மேசையிலோ தொடையிலோ தட்டும். ‘ஏற்கப்பட’ வரைக்கும் தட்டிவிட்டு நிற்கும்.

ஒரு சனிக்கிழமை மதியம், மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை கேட்டுப் போயிருந்தார். அவள் ரேடியோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குமிழைத் திருப்பவில்லை. பின்பக்கம் திருப்பி, நகத்தால் மூடியை நெம்பினாள்.

உள்ளே காலி. பேட்டரியே இல்லை.

தீர்ந்துபோனது என்று கழற்றி எறிந்திருக்கலாம். பாதாள அறையில் புது பேட்டரிக்கு எங்கே போவது? அல்லது தீராத பேட்டரியை, இந்த வாசலுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இவள் ஒருநாள் குமிழைத் திருப்பிப் பார்ப்பாள் என்று நினைத்து, கழற்றி எறிந்திருக்கலாம். காலியாக இருக்கிற பள்ளம் எதையும் சொல்லாது. அவள் வைத்த வெற்றுத் தாளும் எதையும் சொல்லவில்லை. தலைவர்தான் தனக்குக் கிடைத்ததை வாசித்தார்.

மூடியை அழுத்தி மூடினாள். சால்வையில் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மாப்பிள்ளை வந்ததும் சாப்பாடு போட்டாள். வேலை கிடைத்துவிட்டதாம், திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்களாம். இரண்டு கவளம் சாப்பிட்டவர் அலமாரியைப் பார்த்தார். சால்வையின் முடிச்சு வேறு மாதிரி விழுந்திருந்தது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“பாத்தீங்களாக்கா?”

“பாத்தேன்.”

அவர் தலை நிமிரவில்லை. அவளிடமும் அப்போது இரண்டு தாள் இருந்தது. ஒன்றில் இருந்த கேள்வியைக் கேட்டால் அவர் உடைந்துபோவார், எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அதன்பிறகு இந்த வீட்டில் இரண்டு பேரும் இருக்க முடியாது.

“நீங்க சொன்னது சரிதான் மாப்பிள்ளை” என்றாள். “பேட்டரி இல்ல.”

“ஆமாக்கா,” என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை, “ஆமா.”

“சாப்பிடுங்க. ஆறிடும்.”

அவர் சாப்பிட்டார். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் இருந்த அவள் விரல்கள் மெதுவாக எதையோ தட்டின. இந்த முறை நடுவில் நிற்காமல் கடைசி எழுத்து வரைக்கும் போய், பிறகு சும்மா கிடந்தன.